பேச்சியைத் தூக்கிக் கொடுத்தவர்

உடைந்த சிலைகள் இருக்கும் அறைக்குள் நம்முடைய இலங்கைத் தமிழ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தலையில்லாத மாதா, மூக்கு நொறுங்கிய புனிதர், ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு கிடக்கும் சிறகுள்ள சம்மனசு எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “உது எந்த ஆமி உடைச்சது?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்தச் சுவிஸ் நாட்டில் பிறந்தவர்கள், சிரிக்கலாம். ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு லீவு நாளில் முதன்முதலாக நான் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தேன். எனக்கும் இதே கேள்விதான் வாயில் வந்தது. சாமி உடைந்து கிடக்கிறதென்றால் வெளியிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சுவிஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்படிக் கேட்பதேயில்லை. அவர்களுக்கு எந்தச் சிலையின் தலை பாரம் கூட என்பதுதான் கவலை.

எந்த அறையில் எவ்வளவு நேரம் நிற்பது, முதுகுப்பைகளை எங்கே வைப்பிப்பது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தமிழிலும் டொச் என்கிற ஜெர்மன் மொழியிலும் வழிகாட்டப் போகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற மனுஷி, என் வாயை இனி யாரும் மூட முடியாது. ஆனாலும் ஒரு கோயிலிலிருந்து வந்த ஒரேயொரு கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு பேர்ண்காரி, இந்த நகரத்திலேயே பிறந்தவர். அதிகம் கதைக்காத மனுஷி. அவர் சொல்லித்தந்தது ஒன்றுதான்: “வருகிறவர்கள் தங்கள் சொந்தச் சண்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். அதில் தீர்ப்புச் சொல்லாதே. நடந்ததை முழுதாகச் சொல்.” கேட்கும்போது லேசாகத்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு முன்பதிவு செய்தவர் ஒரு கோயிலின் தலைவர், கதிரேசு அண்ணை. பேர்ணில் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் முகம் கறுக்கும் ஆள். கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம். கோயில் கழிப்பறையைத் தன் கையால் கழுவுகிற தலைவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. தொலைபேசியில் அவர் சொன்னது இது:

“தங்கச்சி, நாங்கள் புது மண்டபத்துக்கு மாறுறம். இனி எல்லாம் ஆகம முறைப்படிதான். குருக்கள் ஊரிலையிருந்து வாறார். அதுக்கு முதல் சனத்துக்குக் கொஞ்சம் வரலாறு தெரியவேணும். இந்த நாட்டுக்காரர் எப்பிடித் தங்கட சமயத்தைத் துப்புரவாக்கினவை எண்டு வடிவா விளங்கப்படுத்துங்கோ.”

துப்புரவு என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வருகிறவர் சொல்லைத் திருத்துவது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் வழமைபோலத் தொடங்கினேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன், கத்தோலிக்கத்திலிருந்து புரட்டஸ்தாந்துக்கு மாறிய காலத்தில், இந்த ஊரில் குருமார் சனங்களின் பேச்சுமொழியில் நாட்கணக்காக வாதாடியது, அச்சுப் புத்தகங்கள் சந்தைக்குச் சந்தை போனது, கடைசியில் எது சரியான சமயம் என்று நகரசபை தீர்மானித்தது எல்லாவற்றையும் சொன்னேன். கத்தோலிக்க மடங்களின் காணிகள் நகரசபையின் கைக்குப் போனதையும் சொன்னேன். மலைப்பக்கத்து விவசாயிகள், மடமே இல்லையென்றால் மடத்துக்குக் கட்டிய வரியும் இல்லைத்தானே என்று சந்தோஷப்பட்டார்கள். வரி நிற்கவில்லை, வாங்குகிற கைதான் மாறியது. அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், நகரசபை அடக்கியது. இந்த இடத்தில் நம்முடைய ஆட்கள் எப்போதும் தலையாட்டுவார்கள். அன்றைக்கும் ஆட்டினார்கள்.

பிறகு உடைந்த சிலைகளின் அறை. எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டது கூட்டத்தின் பின்னால் நின்ற ஒரு அக்கா. பெயர் பூரணம், பேர்ணின் ஓரத்தில் பூம்ப்ளிஸில் இருக்கிறவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கதைத்ததும் தெரிந்துவிட்டது, என்னைப்போலக் கிழக்கிலங்கைப் பக்கம்.

“ஆமி இல்ல அக்கா. இந்த ஊர்ச்சனம்தான்,” என்றேன்.

“ஊர்ச்சனமா? இதுகளைக் கும்பிட்ட சனமா?”

“ஓம். முந்தின வருசம் மெழுகுதிரி கொளுத்தின அதே சனம். தச்சர், தோல் பதனிடுற ஆக்கள், பாண் சுடுற பேக்கரி ஆக்கள். இதுகளைச் செய்விக்கக் காசு குடுத்த குடும்பங்களும் அதுக்குள்ள இருந்திருக்கும். உடைச்சதைக் கொண்டுபோய்ப் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்து மேடையை நிரப்பக் கொட்டிப்போட்டினம். எங்கட காலத்தில கட்டட வேலைக்குத் தோண்டேக்கதான் வெளியில வந்தது.”

பூரணமக்கா அங்கிருந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். கதிரேசு அண்ணை முன்னுக்கு வந்தார்.

“கேட்டியளோ? வேத நூலிலை இல்லாததை வெள்ளைக்காரன் அப்பவே எடுத்தெறிஞ்சிட்டான். அதுக்குப் பிறகுதான் இந்த நாட்டில வங்கி, மணிக்கூடு, ரயில் எல்லாம். என்ன தங்கச்சி, நான் சொல்லுறது சரிதானே?”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. வரலாற்றில் இவ்வளவு அக்கறை நம்முடைய ஆட்களுக்கு ஒருநாளும் வருவதில்லை. என்ன நடக்கிறது என்று முழிக்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் காதுக்குள் சொன்னாள்: “பூரணமக்காட பேச்சியைத்தான் சொல்லுறார். புது மண்டபத்தில அவவுக்கு இடமில்லையாம்.”

பேச்சியம்மனை உங்களில் சிலருக்குத் தெரியாது. பிள்ளைப்பேற்றுக்குக் காவல் தெய்வம். எங்கள் பக்கத்தில் அவளுக்கு ஊருக்கு ஊர் கோயில் உண்டு. பூரணமக்காவின் முதல் பிள்ளை அகதிகள் விடுதியில் இருந்த காலத்தில் பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்ப மாட்டார்கள் என்ற நிலை. அப்போது வைத்த நேர்த்திக்காக, முதன்முதலாக ஊருக்குப் போக முடிந்தபோது ஒரு கருங்கல் பேச்சியைச் செய்வித்து, விமானத்தில் கொண்டுவந்தார். பொதியின் நிறை முழுக்க அதற்கே போனதால் தனக்கு ஒரு சீலைகூடக் கொண்டுவரவில்லை. கோயிலின் ஒரு மூலையில் வைத்தார்கள். பிறகு யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முப்பத்தோராம் நாள் அந்த மூலைக்குக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்துவது வழக்கமாகிவிட்டது. கிழக்கு, யாழ்ப்பாணம் என்ற வித்தியாசம் அதில் இருக்கவில்லை.

இப்போது நிர்வாகம் சொல்வது, பேச்சி ஆகமத்தில் இல்லாதவள், ஒரு காலத்தில் பலி எடுத்தவள், முறையான கோயிலில் வைக்க முடியாது. அந்த அறையில் என்னிடம் கேட்கப்பட்டது ஐரோப்பிய வரலாறு இல்லை. பேச்சி இருப்பதா போவதா என்றுதான் கேட்கப்பட்டது.

எனக்குள் ஒரு கொதி எழும்பியது. அண்ணை, கத்தோலிக்கராகவே இருந்த பக்கத்து ஊர்களில் மணிக்கூடு ஓடவில்லையா என்று நறுக்கென்று கேட்டிருக்கலாம். பாதிச் சனம் கைதட்டியிருக்கும், எனக்கும் நெஞ்சு குளிர்ந்திருக்கும். பூரணமக்காவுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் வந்திராது. கோயில் விஷயத்தை அருங்காட்சியகக்காரி வரை கொண்டுபோய்ச் சந்தி சிரிக்க வைத்தாள் என்ற பெயர்தான் அவருக்கு மிஞ்சும்.

அதனால் ஆறுதலாகவே சொன்னேன். வங்கிக்கும் மணிக்கூட்டுக்கும் பல காரணம் இருக்கிறது, சிலையை உடைத்ததால் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பழைய சமயத்திலேயே நின்ற பக்கத்து மாநிலங்களும் இன்றைக்கு நல்லாகத்தான் இருக்கின்றன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுதாகச் சொல் என்று பழகியவள் அல்லவா, இதையும் சொன்னேன்: உடைக்க முதல் நகரசபை உபயகாரருக்குச் சில நாள் தவணை கொடுத்தது. எந்தக் குடும்பம் கொடுத்த சிலையோ, அந்தக் குடும்பம் வந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

கதிரேசு அண்ணையின் முகம் மலர்ந்தது. “அதுதான் நியாயம்! ஒருத்தரையும் நோகடிக்கத் தேவையில்லை. உபயகாரர் தங்கட சாமியைத் தாங்களே கொண்டுபோகட்டும்.”

அவருக்கு அது உண்மையாகவே ஒரு கருணையான வழியாகத் தெரிந்தது, குரலில் நையாண்டி இல்லை. நானோ நடந்ததைத்தான் சொன்னேன், அது ஒரு தீர்ப்பாகப் போய் அந்த அக்காவின் தலையில் விழுந்தது. உங்களுக்கும் இது நடக்கும், பிள்ளைகளே. உண்மையைச் சொல்லிவிட்டால் நம்முடைய பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது எங்கே போய் விழுகிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

பூரணமக்கா வாங்கில் இருந்தபடியே கேட்டார். “வீட்ட வெக்கிறதுக்கா நான் கொண்டந்தன்? எல்லாருக்கும் எண்டுதானே வெச்சன்.” பிறகு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, உடைச்சதெல்லாம் இந்தா இஞ்ச கிடக்கு. அந்தச் சனம் வீட்ட கொண்டுபோன சாமியெல்லாம் இப்ப எங்க?”

சில சிலைகள் கத்தோலிக்க ஊர்களுக்குப் போனது தெரியும். மற்றவை? எரிந்ததா, விற்றார்களா, பரணில் உக்கியதா?

“தெரியாது அக்கா,” என்றேன்.

அவ்வளவுதான். கூட்டம் அடுத்த அறைக்கு நடந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே பூரணமக்கா தனியாக வந்தார். கைத்தொலைபேசியில் பேச்சியின் படத்தைக் காட்டி, “இஞ்ச வெப்பீங்களா?” என்று கேட்டார். “வீட்டில நானும் அவவும் மட்டும்தான் இருப்பம். இஞ்ச எண்டா நாலு சனம் வரும், பார்க்கும்.”

நான் சேகரிப்புப் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இளைஞருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. குடியேறியவர்களின் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு கண்காட்சி செய்ய வேண்டுமென்று நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தவர். தனிக் கண்ணாடிப்பெட்டி, தனி வெளிச்சம், கொடுத்தவரின் பெயர் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பூரணமக்காவின் முகம் தெளிந்து வந்தது. எனக்கும் அது பெரிய காரியம்தான். எங்கள் ஊர்த் தெய்வம் ஒன்றை இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தவள் என்ற பேர் யாருக்குக் கசக்கும்?

ஆனால் அந்த மனிதர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. அவர் மறைக்கவில்லை, அவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் நான் மட்டும்தான்.

“அக்கா, இஞ்ச வந்தா பூ வெக்கேலாது. எண்ணெய் பூசேலாது. விளக்குக் கொளுத்தினா மணி அடிச்சுத் தீயணைப்பு வரும். பிள்ளையைக் கொண்டந்து காலடியில கிடத்தேலாது. கண்ணாடிக்கு இஞ்சால நிண்டு பார்க்கலாம். கண்காட்சி முடிஞ்சா கீழ களஞ்சியத்தில வெப்பினம்.”

“கும்பிடலாமா?”

“கும்பிடலாம். சனம் உங்களைப் பார்க்கும்.”

“இவை அவவைச் சாமி எண்டு வெச்சிருப்பினமா?”

“இல்ல அக்கா. பழம்பொருள் எண்டு வெச்சிருப்பினம். ஆனா நல்ல கவனமா வெச்சிருப்பினம்.”

பூரணமக்கா கைத்தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தார். “அப்ப வேணாம். நன்றி எண்டு சொல்லு அவருக்கு,” என்றார்.

பொறுப்பாளர் பல நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் அதைப் பொருட்படுத்தவுமில்லை. கொடுக்க வருகிறவருக்கு, கொடுத்த பிறகு அந்தப் பொருளுக்கு என்ன நடக்கும் என்று கொடுக்க முதலே சொல்ல வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு விளங்கப்படுத்துவது ஏமாற்று.

பழைய மண்டபத்தில் கடைசிப் பூசை நடந்த அன்று பூரணமக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். அழவில்லை. நடந்ததைச் சொன்னார்.

“நான் கொண்டுபோறன் எண்டு சொல்லிட்டன் தங்கச்சி. ஆனா ஏத்தி வெச்சவள் நான், நான் இறக்க மாட்டன் எண்டும் சொன்னன். இறக்கச் சொன்ன ஆக்கள் இறக்கட்டும். உங்கட கையால தூக்கித் தாங்க எண்டன். ஒருத்தரும் அசையேல்ல. நிர்வாகப் பெடியன்மார் போனைப் பார்க்குறாங்கள். குருக்கள், இது என்ட வேலையில்ல எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். எல்லாற்ற பிள்ளையும் அந்தக் காலடியில கிடந்த பிள்ளைகள்தானே.”

“பிறகு?”

“மறுகா கதிரேசு அண்ணை வந்தார். தோள்ல கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில கட்டினார். கட்டிப்போட்டுத் தூக்கினார். கை ரெண்டும் நடுங்குது. வாய்க்குள்ள ‘பொறுத்துக்கொள்ளம்மா’ எண்டு சொன்னது எனக்குக் கேட்டுது. என்னட்டச் சொல்லேல்ல தங்கச்சி. அவவிட்டத்தான் சொன்னார்.”

இதைக் கேட்ட பிறகு உடைந்த சிலைகளின் அறையில் நான் சொல்லும் கதையை மாற்றினேன். அதுவரை, சிலைகளை உடைத்தவர்கள் அவற்றின் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் என்று சொல்லி வந்தேன். புத்தகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லும். ஆனால் சிலைகளைப் போய்க் கிட்ட நின்று பாருங்கள். முகத்தைத் தேடித் தேடி அடித்திருக்கிறார்கள். நம்பிக்கை முழுக்கப் போனவனுக்கு அது வெறும் மரம், வெறும் கல், அதன் கண்ணை அடிக்க அவன் ஏன் மினக்கெட வேண்டும்? ஓங்கிய கைகளில் சிலதாவது நடுங்கியிருக்கும் என்று அதன் பிறகு சொல்லத் தொடங்கினேன். நிரூபிக்க முடியாது, என் அபிப்பிராயம் என்று சொல்லித்தான் சொன்னேன். நீங்கள் சொல்லும்போதும் அப்படியே சொல்லுங்கள்.

நெடுநாள் கழித்து, ஒரு வேலைநாள் பின்னேரம், கதிரேசு அண்ணை தனியே வந்தார். பஸ்காரருக்குரிய சீருடை மேற்சட்டையோடு. நேரே அந்த அறைக்குப் போய்த் தலையில்லாத மாதாவுக்கு முன்னால் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

“தங்கச்சி, இதை உடைச்சவை பிறகு எப்பிடி நித்திரை கொண்டவை?”

“தெரியாது அண்ணை. அதைப்பற்றி நான் ஒரு இடத்திலையும் வாசிக்கேல்ல.”

“நான் செய்தது பிழை எண்டு இப்பவும் சொல்லமாட்டன். கோயில் எண்டா ஒரு முறை வேணும்.” பிறகு மாதாவைப் பார்த்தபடியே சொன்னார். “மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. இண்டைக்கு முப்பத்தொண்டு. மனிசியும் மகளும் பிள்ளையைப் பூரணத்தின்ர வீட்டுக்குக் கொண்டு போயிட்டினம். இப்ப கோயிற் சனம் முழுக்க அங்கைதான் போகுது. நான் வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு, டிராம் எடுத்து இஞ்ச வந்திட்டன். அவவை இறக்கினவன் நான். எந்த முகத்தோட உள்ளுக்குப் போறது? நீ சொல்லு, போகலாமோ?”

ஒரு வழிகாட்டியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது, வழிகாட்டி பதில் சொல்லவும் கூடாது. அன்றைக்குக் கூட்டத்துக்கு நடுவில் நின்று என்னிடம் நியாயம் கேட்ட மனிதர் இப்போது யாருமில்லாத அறையில் கேட்கிறார். நான் என் பெயர்ச்சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். வாசலில் இருந்த சக ஊழியரிடம் நேரத்தோடு போகிறேன் என்று சொன்னேன்.

“வாங்கோ அண்ணை, நானும் வாறன்.”

டிராம் எடுத்தோம். பூம்ப்ளிஸில் இறங்கி, பூரணமக்கா இருக்கும் மாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது அவர் இரண்டு முறை நின்றார். நான் முந்திப்போய் மணியை அடித்தேன்.

பூரணமக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது, சாம்பிராணி வாசம் படிவரைக்கும் வந்தது.

“சப்பாத்தை வெளியில விடாதேங்க,” என்றார். “பக்கத்து வீட்டு மனிசன் முறைப்பாடு குடுக்கிறான். உள்ளுக்குக் கொண்டு வாங்க.”

கதிரேசு அண்ணை சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பேச்சி யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கிடத்தத் தயாராக நிலத்தில் இருந்தாள். தகப்பனைக் கண்டதும் அவளுக்கு எழும்புவதா இருப்பதா என்று தெரியவில்லை.

பூரணமக்கா அவளிடமிருந்து பிள்ளையை வாங்கி, அவர் பக்கம் நீட்டினார்.

“அவவைத் தூக்கின கைதானே அண்ணை. பிள்ளையையும் நீங்களே கிடத்துங்க.”

கதிரேசு அண்ணை சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவ எங்கே என்று கேட்டார்.